நெளியும் பூச்சி

கிராம சேவக் கோவிந்தன் அந்த நோட்டீசைச் சுவரிலிருந்து உரித்துக்கொண்டு வந்திருந்தார். காகிதத்தோடு சுண்ணாம்பும் கொஞ்சம் செங்கல் பொடியும் சேர்ந்து வந்திருந்தன. சரோஜம்மாளின் மேசை மீது அதை விரித்துவிட்டு, நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே, இன்றைக்கு வியாழக்கிழமை, சனிக்கிழமை விடிந்தால் சின்னமேட்டுப்பள்ளியில் முந்நூறு மாமரங்கள் சாய்ந்துவிடும் என்றார்.

"முந்நூறும் ஒரே நாள்லயா?" என்றான் திம்மராயன். "நம்ம தாலுகாவுல அவ்வளவு சுறுசுறுப்பு எப்பங்க வந்துச்சு?"

கோவிந்தன் சிரிக்கவில்லை. அவருக்கு இருபத்துநாலு வயது. ஊராருக்கு விவசாய யோசனை சொல்லும் சர்க்கார் வேலையில் சேர்ந்து எட்டு மாதம். எருக்குழி தோண்டச் சொன்னாலே ஊரார் அவரை ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

சரோஜம்மாள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பதினெட்டு வருஷம் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் கற்பித்தவர். பரீட்சைக் கேள்வித்தாளைத் திருடி விற்றது யார் என்று ஒருநாள் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார். திருடியவர் நிர்வாகியின் மைத்துனர். அன்றோடு வேலை போயிற்று, புதுத் தொழில் வந்தது. கிருஷ்ணகிரி சைக்கிள் கடை மாடியில் 'சரோஜம்மாள், துப்பறிவாளர்' என்று பலகை மாட்டி இது ஐந்தாவது வருஷம். திம்மராயன் ஓசூர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். அவன் பேச்சைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே பயணிகள் இறங்கவேண்டிய ஊரைத் தவறவிட்டுக்கொண்டிருந்தார்கள். முதலாளி பொறுத்துப் பார்த்து அனுப்பிவிட்டார்.

நோட்டீஸ் இப்படி இருந்தது:

'இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில், மாங்கனியைக் கெடுக்கும் நெளியும் பூச்சி இவ்வட்டாரத்தில் கண்டிருப்பதால், மாமரங்கள் யாவும் மாசி மாதம் இரண்டாவது சனிவாரம் சூரிய உதயம் தொடங்கி வெட்டிச் சாய்க்கப்பட வேண்டியது. வெட்டிய மரத்தை வைத்திருப்பதும் எரிப்பதும் குற்றமாகும். அனுமதி பெற்ற வண்டிகள் வந்து எடுத்துச் செல்லும். உத்தரவுப்படி.'

"யார் உத்தரவு?" என்று கேட்டார் சரோஜம்மாள்.

அதைத்தான் தாமும் ஊரில் கேட்டதாகக் கோவிந்தன் சொன்னார். அப்படி ஓர் உத்தரவே கிடையாது, மரத்தில் எந்தப் பூச்சியும் கிடையாது, மாசி மாசத்தில் மரமெல்லாம் பூத்துக் குலுங்குகிறது. பச்சை மையில் தம் கையாலேயே அப்படி எழுதி மந்தைச் சுவரில் ஒட்டினார். கைக்கடிதாசியை யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று சொல்லிவிட்டார்கள். மேலிடத்திலிருந்து இங்கிலீஷில் டைப் அடித்த கடிதம் வாங்கி வந்தார். அது என்னவோ கோழிக்கால் பட்ட மாதிரி இருக்கிறது என்றார்கள். இந்த நோட்டீசை மட்டும் ஒருவரும் சந்தேகிக்கவில்லை.

"பாத்தாலே தெரியுதேங்க" என்றான் திம்மராயன். "எளுத்து ஒவ்வொண்ணும் டவாலி போட்ட சேவகன் மாதிரி நிக்குது. இதுகிட்டப் போயி நீ யாருன்னு எவன் கேப்பான்?"

சரோஜம்மாள் நோட்டீசை மடித்துப் பைக்குள் வைத்தார். மரத்தைப் பார்க்கலாம் என்றார்.

சின்னமேட்டுப்பள்ளி ஓசூர் சாலையில் ஏழாவது மைலில் இருந்தது. சாலையிலிருந்து இறங்கும்போதே பூவின் புளித்த தேன் வாசனை மூக்கில் ஏறியது. தோப்பின் நடுவே ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி சாணைக்கல்லில் கோடரி தீட்டிக்கொண்டிருந்தாள். அவள்தான் சென்னம்மாள். தோப்பில் பாதி அவளுடையது. அவள் முதல் மரத்தில் கோடரி வைத்தால் மற்றவர்களும் வைப்பார்கள், வைக்காவிட்டால் ஒருவரும் வைக்க மாட்டார்கள் என்று வரும் வழியில் கோவிந்தன் சொல்லியிருந்தார்.

சென்னம்மாள் அவர்களை உட்காரச் சொல்லி, ஒரு சீப்பு வாழைப்பழத்தை எடுத்து முன்னால் வைத்தாள். அழுதிருந்த முகம். ஆனால் பேச்சில் தடுமாற்றம் இல்லை. இந்த மரங்களைத் தன் புருஷனும் தானும் குடத்தில் தண்ணீர் சுமந்து வளர்த்ததாகவும், வெட்டுவதைவிடத் தன் கையை வெட்டிக்கொள்ளலாம் என்று தோன்றுவதாகவும் சொன்னாள். ஆனால் பூச்சி பிடித்த மரத்தை வைத்திருந்து ஊர்த்தோப்பையெல்லாம் கெடுத்தவள் என்ற பேர் தனக்கு வேண்டாம் என்றாள்.

"உத்தரவு நெசம்னு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டார் சரோஜம்மாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாது டீச்சரு. ஆனா எழுத்தத் தெரியும்." சென்னம்மாள் எழுந்து போய் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து மூன்று காகிதங்கள் எடுத்து வந்தாள். பட்டா ஒன்று, அம்மை குத்திய சீட்டு ஒன்று, புருஷன் செத்ததற்குக் கொடுத்த சீட்டு ஒன்று. "இது மூணும் ஒரே எழுத்து. மூணும் பொய் சொன்னதில்ல. நாடக நோட்டீசு எழுத்தப் பாருங்க, இடுப்ப வளச்சுக்கிட்டு நிக்கும். லேகிய நோட்டீசு எழுத்து தொந்தியும் தொப்பையுமா இருக்கும். இது கையக் கட்டிக்கிட்டு நேரா நிக்குது. இத நம்பாம எத நம்பறது?"

சரோஜம்மாள் மூன்று காகிதங்களையும் நோட்டீசையும் அருகருகே வைத்துப் பார்த்தார். சென்னம்மாளின் கண் தப்பில்லை. எழுத்து முகம் ஒன்றேதான்.

சற்றுத் தள்ளி நின்று திம்மராயன் மூன்றாவது வாழைப்பழத்தை உரித்துக்கொண்டே துப்புத் துலக்கினான். சனிவாரம் என்று எவனாவது தமிழன் எழுதுவானா, அது கன்னடம், தெலுங்கு பேசுகிறவன் வாயில் வருவது, ஆகவே எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆள்தான் என்றான். அவன் வீட்டிலேயே தெலுங்குதான் பேசினார்கள்.

"அப்ப உன்னையும் சந்தேகப்படணும்" என்றார் சரோஜம்மாள்.

"தாராளமா. ஆனா வாளப்பளம் சாப்பிட்டுட்டுச் சந்தேகப்படுங்க. அருமையான பளம்."

"பழம்" என்று பழக்கதோஷத்தில் திருத்தினார் சரோஜம்மாள். "நாக்கை மடி. பழம்."

"பளம்."

சரோஜம்மாள் மறுபடி திருத்த வாயெடுத்தவர் அப்படியே நின்றார். பிறகு நோட்டீசை எடுத்து, பள்ளிக்கூட நோட்டுத் திருத்துவதுபோல, ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே விரலை ஓட்டிக்கொண்டு போனார். கடைசிவரை போய் மறுபடி முதலிலிருந்து வந்தார். முகம் சிறு பெண்ணுடையதுபோல் மலர்ந்துவிட்டது.

"தம்பி, மாம்பழத்துல புழு வந்தா உங்க இலாகாவுல என்ன எழுதுவீங்க?"

"மாம்பழத்துல புழுன்னுதாங்க எழுதுவோம்" என்றார் கோவிந்தன்.

"இதுல மாங்கனின்னு போட்டிருக்கு. புழுவுக்கு நெளியும் பூச்சின்னு போட்டிருக்கு. சனிக்கிழமைக்குச் சனிவாரம். பழம், புழு, கிழமை. மூணு இடத்துலயும் ஒரே எழுத்துகிட்டேருந்து தப்பிச்சு ஓடியிருக்கான். ழ, ழி, ழு, ழ், ஒண்ணுகூட இந்தக் காகிதத்துல இல்ல."

திம்மராயன் ஒரு கணம் யோசித்தான். "அப்ப அவனும் என்ன மாதிரிதானுங்க. பாவம்."

"உனக்கு நாக்குல வராது. அவனுக்கு அச்சுல இல்ல. எழுத்துப் பெட்டியில ழகரம் இல்லாத அச்சகம் இது."

கோவிந்தன் வாயைப் பிளந்தார். சின்னமேட்டுப்பள்ளியில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் பதினைந்து பேருக்குக் குறையாது. ஒன்பது நாளாக அத்தனை பேரும் அதைப் படித்தார்கள். அவரே பத்துத் தடவை படித்திருந்தார்.

கிருஷ்ணகிரியில் அச்சகம் இரண்டு. இரண்டிலும் வாழ்த்து மடலுக்கும் நாடகத்துக்கும் ஏற்ற குண்டு எழுத்துதான் உண்டு என்பது சரோஜம்மாளுக்குத் தெரியும். இந்த எழுத்து எங்கே இருக்கும் என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போது, திம்மராயன் சட்டைப் பையிலிருந்து கசங்கிய பழைய பஸ் டிக்கெட் ஒன்றை எடுத்து நோட்டீஸ் பக்கத்தில் வைத்தான். வேலை போன நாளில் கடைசியாகக் கிழித்தது, ஞாபகமாக வைத்திருந்தானாம். 'ஓசூர்' என்ற மூன்று எழுத்தும் கையைக் கட்டிக்கொண்டு நேராக நின்றன.

"நாலு வருசம் கிளிச்சுக் குடுத்த எளுத்தும்மா. இந்த டிக்கெட்டப் பாத்து ஒருத்தரும் எதிர்த்துப் பேசினதில்ல. நான்தான் பேசிக் கெடுத்தேன். ஓசூர்ல மாதப்பன் பிரஸ்ல அடிச்சது."

வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் சரோஜம்மாளும் திம்மராயனும் ஓசூர் போனார்கள். விஷயத்தைச் சொல்லிவைக்கக் கோவிந்தனைத் தாசில்தாரிடம் அனுப்பியிருந்தார்கள். மொழிவாரியாக மாகாணங்களைப் பிரிக்கப்போகிற அந்த வருஷம் ஓசூர் டீக்கடைகளில், ஊர் மைசூரோடு போகுமா சென்னையோடு இருக்குமா என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. எங்கே போனாலும் டீ இதே டீதானே என்று திம்மராயன் ஒரு கடையில் கேட்டு, இரண்டு கட்சியாரிடமும் முறைப்பு வாங்கினான்.

மாதப்பன் அச்சகம் முன்பக்கம். பின்பக்கம் மரக்கிடங்கு. பெங்களூர்த் தொழிற்சாலைகளுக்குச் சாமான் பெட்டி செய்யும் பலகைகள் அங்கே வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. இரண்டுக்கும் ஒரே முதலாளி. மாதப்பனுக்கு அறுபது வயதிருக்கும். வெள்ளை ஜிப்பா, விபூதிப் பட்டை, குழந்தையைப் பார்த்துச் சிரிப்பதுபோல எல்லோரையும் பார்த்து ஒரு சிரிப்பு. யாரும் கேட்காமலே காப்பி வரவழைத்தார்.

சரோஜம்மாள் திம்மராயனைக் காட்டி, தம்பிக்குக் கல்யாணம், அழைப்பிதழ் அடிக்கவேண்டும் என்றார். திம்மராயனுக்கு அதுவரை அந்தச் செய்தி தெரியாது. காப்பி புரையேறியது.

எந்த எழுத்தில் என்று மாதப்பன் கேட்டார். கம்பீரமான எழுத்தில், சர்க்கார் எழுத்தில் என்றார் சரோஜம்மாள். அது எங்கேயும் கிடைக்காதே என்றும் சேர்த்துக்கொண்டார்.

"ஏனுங்க கிடைக்காது?" மாதப்பனுக்குத் தம் சரக்கைப் பற்றிப் பெருமை. சென்னையில் எழுத்து வார்க்கிறவர்கள் அதை ராத்தல் கணக்கில் நிறுத்து விற்கிறார்கள், வெண்டைக்காய் வாங்குவதுபோல யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றார். "ஆனா அழைப்பிதழுக்கு அது உதவாதுங்க. அதுல ழ இல்ல. தேஞ்சு போச்சுன்னு எங்க பவுலினா எடுத்துப் போட்டுடுச்சு. அழைப்பிதழ்ங்கற சொல்லே வராது பாருங்க. பூ எழுத்துல அடிச்சிடுவோம்."

எழுத்துப் பெட்டி முன்னால் நின்றிருந்த பவுலினா திரும்பிப் பார்க்கவில்லை. முப்பது வயதுப் பெண். விரல் நுனிகள் ஈயத்தால் கறுத்திருந்தன. இடுப்பில் சிறிய செபமாலைப் பை தொங்கியது.

சரோஜம்மாள் பெட்டியை எட்டிப் பார்த்தார். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சின்ன அறை. ழகரத்தின் அறைகள் அத்தனையும் காலி. அவர் நினைத்தது அப்படியே சரி. திம்மராயனை நோக்கி, நோட்டில் 'மிக நன்று' போட்டவர்போல ஒரு பார்வை பார்த்தார்.

திம்மராயன் அந்தப் பார்வையை வாங்கிக்கொள்ளவில்லை. அவன் சுவரில் ஆணியில் குத்தியிருந்த காகிதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். மெதுவாக ஒரு காகிதத்தைத் தொட்டுக் காட்டினான். பள்ளிக்கூடம் ஒன்றின் 'ஆண்டு விழா அழைப்பிதழ்'. அதே சர்க்கார் எழுத்து. அடித்தது இந்தச் செவ்வாய்க்கிழமை.

விழா. அழைப்பிதழ். மூன்று இடத்தில் ழகரம் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

சரோஜம்மாள் அதன் தேதியை மறுபடி பார்த்தார். மூன்று நாளைக்கு முன் ழகரம் இருந்திருக்கிறது. அப்படியானால் பத்துப் பன்னிரண்டு நாளைக்கு முன் நோட்டீஸ் அடித்தபோதும் இருந்திருக்க வேண்டும். இல்லாத எழுத்துக்காக யாரும் சொல்லை மாற்றவில்லை. இருந்த எழுத்தை யாரோ ஒளித்திருக்கிறார்கள். காலியான அறைகளை மறுபடி பார்த்தார். பக்கத்து அறைகளின் விளிம்பில் தூசி படிந்திருந்தது. இவற்றில் தூசியே இல்லை. நிமிர்ந்தபோது, பவுலினாவின் கை செபமாலைப் பையை இறுகப் பிடித்திருந்தது. செபம் செய்யப் பிடித்த பிடியாக அது இல்லை.

"திம்மராயா, கல்யாணத்துக்குக் கட்டில் வேணும்னியே" என்றார் சரோஜம்மாள்.

அவனுக்கு இரண்டாவது தடவை புரையேறவில்லை. ஆமாம், அதுதான் முக்கியம் என்று எழுந்து மாதப்பனின் தோளில் கை போட்டுக் கிடங்குப் பக்கம் அழைத்துப் போனான். பெண்ணின் பெயர் என்ன என்று மாதப்பன் கேட்பதும், அதைப் பெரியவர்கள் இன்னும் முடிவு பண்ணவில்லை என்று அவன் சொல்வதும் கேட்டன.

அவர்கள் குரல் மறைந்ததும் சரோஜம்மாள் சென்னம்மாளின் தோப்பைப் பற்றிச் சொன்னார். கோடரி தீட்டியதைச் சொன்னார். வேறெதுவும் கேட்கவில்லை.

பவுலினா செபமாலைப் பையை அவிழ்த்து மேசை மீது கவிழ்த்தாள். ஈய எழுத்துகள் கலகலவென்று கொட்டின. ழ, ழி, ழு, ழ், குடும்பம் முழுவதும்.

முதலாளி நோட்டீசைத் தெலுங்கில் எழுதிக் கொடுத்து, தமிழாக்கி ஈய எழுத்துகளில் கோக்கச் சொன்னார் என்றாள் அவள். படித்ததும் புரிந்துவிட்டது. மாட்டேன் என்றாள். எழுத்தைத் திருடி விற்கிறாள் என்று பெங்களூர் வரை ஓர் அச்சகம் விடாமல் சொல்லிவிடுவேன் என்றார். அவள் சம்பளத்தில்தான் தாயும் இரண்டு தங்கைகளும் சாப்பிடுகிறார்கள். ஆகவே கோத்தாள். கோக்கும்போது ழகரத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு, தேய்ந்துவிட்டது, வேறு சொல் போடுகிறேன் என்றாள். மாதப்பனுக்குத் தமிழ் பேச வரும், படிப்பது எழுத்துக் கூட்டித்தான். சரி என்றுவிட்டார். பள்ளிக்கூட வேலை வந்தபோது எடுத்துக் கோத்துவிட்டு, மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"நெளியும் பூச்சின்னு போட்டா எவனாவது சிரிப்பான், சிரிச்சவன் யோசிப்பான்னு நெனச்சேன் டீச்சர்" என்றாள் பவுலினா. "ஒருத்தரும் சிரிக்கல. எழுத்தோட மூஞ்சியப் பாத்ததும் வார்த்தையப் பாக்கறதையே விட்டுட்டாங்க."

நோட்டீசின் தெலுங்குக் கையெழுத்துப் பிரதியை அவள் தூக்கி எறியவில்லை. பெட்டியின் அடித்தட்டில் வைத்திருந்தாள். அதை எடுத்துக் கொடுத்தாள். சரோஜம்மாள் அவளிடம் இன்னொரு உதவி கேட்டார். முந்தைய உத்தரவு பொய் என்று, அதே எழுத்தில், தாசில்தார் கையெழுத்துப் போட இடம் விட்டு, முப்பது பிரதி. பவுலினா உடனே எழுத்து பொறுக்க ஆரம்பித்தாள். அவள் விரல் போன வேகத்தைச் சரோஜம்மாளின் கண்ணால் தொடர முடியவில்லை.

கிடங்கில் திம்மராயன் ஒரு மணி நேரம் கட்டில் வாங்கினான். பெண் உயரமானவள், ஆகவே ஆறரை அடி என்றான். மாமனார் அடிக்கடி வந்து தங்குவார் என்று அகலத்தைக் கூட்டினான். தலைமாட்டில் மயில் வேண்டும் என்றான், பிறகு மயில் வேண்டாம், அது அகவினால் தூக்கம் கெடும் என்றான். முன்பக்கம் மிதி இயந்திரம் தடக் தடக் என்று அடித்துக்கொண்டிருந்தது. தம் அச்சகத்தில் வேலை நடக்கும் சத்தம் மாதப்பனுக்குச் சந்தோஷமாக இருந்தது. கடைசியில் அவரே, ஒரு நாள் பொறுங்கள், நாளைக்கு மூன்று லாரி நல்ல மாமரம் வருகிறது, பச்சை மரத்திலேயே அறுத்துத் தருகிறேன் என்றார்.

"அதுக்குத்தானுங்க காத்துக்கிட்டிருந்தேன்" என்றான் திம்மராயன். அன்று அவன் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

புறப்படும்போது சரோஜம்மாள் பவுலினாவை நாளைக்கு வருகிறாயா என்று கேட்டார். பவுலினா தலையசைத்து மறுத்தாள். வந்தால் மறுநாளிலிருந்து வேலை இருக்காது என்றாள். சரோஜம்மாள் வற்புறுத்தவில்லை.

அன்று மாலையே தாசில்தார் முப்பது பிரதியிலும் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்திக் கொடுத்தார். புது நோட்டீசைக் கோவிந்தன் வழிநெடுகப் படித்துப் படித்து மகிழ்ந்தார். மாம்பழம், புழு, சனிக்கிழமை, எல்லாம் இருந்தன.

சனிக்கிழமை சூரியன் எழும்போது தோப்பில் கோடரியோடு நாற்பது பேர் நின்றார்கள். கோவிந்தன் ஓடிப்போய் நோட்டீசை முதல் மரத்தில் ஒட்டி உரக்கப் படித்தார். சரோஜம்மாள் நிதானமாகப் பின்னால் வந்தார். அதே எழுத்து, அதே கம்பீரம், அதனால் வேலை முடிந்தது என்று அவர் நினைத்தார்.

சென்னம்மாள் நோட்டீசைக் கிட்டப் போய்ப் பார்த்தாள். விரலால் தொட்டாள்.

"போன வாரம் இதே எழுத்துதான் வெட்டுன்னுச்சு" என்றாள். "இன்னிக்கு வெட்டாதேங்குது. ரெண்டும் ஒரே மூஞ்சி. எது பொய்யின்னு நான் எப்படிக் கண்டேன் டீச்சரு?"

சரோஜம்மாள் தாசில்தார் முத்திரையைக் காட்டினார். முத்திரையும் அச்சுதானே என்றாள் சென்னம்மாள். தெலுங்குப் பிரதியைக் காட்டினார். அது அவளுக்கு இன்னொரு காகிதம். அப்போது சாலையில் மூன்று லாரிகள் வந்து நின்றன. முதல் லாரியிலிருந்து மாதப்பன் இறங்கி, உத்தரவுப்படி வந்திருக்கிறோம், சீக்கிரம் ஆகட்டும் தாயி என்று அதே சிரிப்போடு சொன்னார். கட்டில் கேட்ட மாப்பிள்ளையைக் கூட்டத்தில் பார்த்ததும் சிரிப்புக் கொஞ்சம் கோணியது.

சென்னம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கோடரியை ஓங்கினாள். முதல் வெட்டு விழுந்தது. பூக்கள் அவள் தலை மீதும் தோள் மீதும் கொட்டின.

இரண்டாவது வெட்டுக்கு ஓங்கியபோது, சாலையிலிருந்து ஒரு பெண் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உழுத நிலத்தின் குறுக்கே ஓடி வந்தாள். முதல் பஸ்ஸில் வந்தவள். மூச்சு வாங்கியது. நேராக மரத்துக்கும் கோடரிக்கும் நடுவே போய் நின்றாள்.

"ரெண்டையும் நான்தாம்மா கோத்தேன்" என்றாள் பவுலினா. "முதல்ல கோத்தது பொய். தெரிஞ்சேதான் கோத்தேன். எம் மொதலாளி சொன்னாரு. அதோ நிக்கறாரு."

சென்னம்மாள் கோடரியை இறக்கினாள். உன் பேர் என்ன என்று கேட்டாள். எந்த ஊர் என்று கேட்டாள். மறுபடி வேலைக்குப் போவாயா என்று கேட்டாள். இனிமேல் வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்றாள் பவுலினா. சென்னம்மாள் அவளுடைய கையைப் பிடித்துத் திருப்பி, கறுத்த விரல் நுனிகளைப் பார்த்தாள். பிறகு கோடரியைத் தரையில் போட்டாள்.

"பொய்யின்னா வேலைய விட்டுட்டு இங்க ஓடி வரமாட்டா" என்று ஊராரிடம் சொன்னாள். "இது நெசம்."

நாற்பது பேரும் மாதப்பன் பக்கம் திரும்பினார்கள். கோடரிகளை இன்னும் கீழே வைக்கவில்லை. மாதப்பன் லாரியைப் பார்த்தார். டிரைவர்கள் மூவரும் அதற்குள் இறங்கி வயல்வெளியில் வெகுதூரம் போயிருந்தார்கள். போலீசைக் கூப்பிடுங்கள் என்று முதலில் சொன்னவர் மாதப்பன்தான். மெதுவாகச் சொன்னால் கேட்காது என்று இரண்டு தடவை சொன்னார். திம்மராயன் அவரை லாரியின் முன்பலகையில் உட்காரவைத்து, கட்டிலை மட்டும் ரத்து பண்ணிவிடலாம், அழைப்பிதழ் இருக்கட்டும் என்று ஆறுதல் சொன்னான்.

கிருஷ்ணகிரியிலிருந்து சப் இன்ஸ்பெக்டர் வந்து சேர ஒன்பது மணியாயிற்று. அதற்குள் வெட்டுப்பட்ட மரத்துக்குச் சாணியும் மண்ணும் குழைத்துப் பூசியிருந்தார்கள். பிழைத்துவிடும் என்றார் கோவிந்தன். இந்தத் தடவை அவர் சொன்னதை ஊரார் மறு கேள்வி இல்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். அவருக்கு நம்பவே முடியவில்லை.

பவுலினாவின் வீட்டில் எத்தனை பேர் என்று சென்னம்மாள் விசாரித்து வைத்துக்கொண்டாள். சரோஜம்மாள் தமக்கும் ஓர் எழுத்து தெரிந்த ஆள் வேண்டும் என்றும், சம்பளம் மட்டும் அச்சகத்தைவிடக் கொஞ்சம் ஒழுங்கில்லாமல் வரும் என்றும் சொன்னார். கொஞ்சம்தானா என்று கேட்டான் திம்மராயன்.

சப் இன்ஸ்பெக்டர் மரத்தடியில் உட்கார்ந்து இரண்டு பக்கத்துக்கு வாக்குமூலம் எழுதி, மையை எடுத்துச் சென்னம்மாளிடம் நீட்டி, கட்டைவிரலை வைக்கச் சொன்னார். அவள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். பவுலினா படிக்கட்டும், கேட்டுவிட்டு வைக்கிறேன் என்றாள். நேரமாகிறது என்றார் அவர். ஆகட்டும் என்றாள் அவள்.

பவுலினா ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். சப் இன்ஸ்பெக்டரும் நாற்பது பேரும் காத்திருந்தார்கள். 'மேற்படி நோட்டீசைத் தன் அறியாமையால் உண்மையென நம்பி' என்ற இடம் வந்ததும் சென்னம்மாள் நிறுத்தச் சொன்னாள்.

"அறியாமைன்னு எழுதாதீங்க."

"வேற என்னன்னும்மா எழுதறது?" என்று கேட்டார் சப் இன்ஸ்பெக்டர்.

"நம்பினேன்னு எழுதுங்க. அது போதும்."

அவர் பேனாவை எடுத்து அந்த ஒரு சொல்லை அடித்தார். சென்னம்மாள் மறுபடி முதலிலிருந்து படிக்கச் சொன்னாள்.